காரியஸ்தர் ஹோல்ட்டின் கோட்டு

என்னை இந்தக் கூத்துக்குள் இழுத்துவிட்டவள் பெரில்தான். வேலை பார்த்த காலமெல்லாம் நான் கார் ஓட்டுகிறவர்களுக்குப் பரீட்சை வைக்கும் அதிகாரி. எங்கள் ஊரில் பாதிப் பேரை ஒரு தடவையாவது பெயிலாக்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் முழங்காலோடு நிற்கும் கால்சட்டையும் வெள்ளைக் காலுறையும் மாட்டிக்கொண்டு, ஹாதர்லி மாளிகை வாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குனிந்து வணக்கம் போட்டால் ஊர் சும்மா இருக்குமா? முதல் ஞாயிற்றுக்கிழமை என்னை வேடிக்கை பார்க்கவென்றே டிக்கெட் எடுத்து வந்தவர்கள் உண்டு.

பெரில் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் ஸ்பெயினுக்குப் போனார்கள். அவள் ஆயிரத்து எழுநூற்று எண்பதுகளுக்குப் போய்விட்டாள். அந்தக் காலத்து வாழ்க்கையை நடித்துக் காட்டும் மாளிகைத் தொண்டர்களுக்கு உடை தைக்கும் குழுவில் சேர்ந்தாள். அங்கே தையல் மெஷினுக்கு இடமில்லை. லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்து எடுத்துக் கையால்தான் தைக்க வேண்டும். வெளியே தெரிகிற தையல் கையால் இருந்தால் போதும், உள்ளே எப்படியோ போகட்டும் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். இவள் விடமாட்டாள். யாரும் பார்க்காத உள்பட்டையைக்கூடப் பிரித்துப் பிரித்துத் தைப்பாள். நான் கேலி செய்தால், "போட்டுக்கிறவருக்குத் தெரியும்ல, டெஸ்" என்பாள். ஜன்னலோரம் மடியில் துணியோடு அவள் உட்கார்ந்திருந்த அந்த வருடங்களில் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

எனக்கு அவள் தைத்தது பழுப்புக் கம்பளிக் கோட்டு. மாளிகையின் காரியஸ்தர் மிஸ்டர் ஹோல்ட் வேடத்துக்கானது. ஒரு குளிர்காலம் முழுக்க அளவு பார்த்தாள். வயிற்றை உள்ளே இழு, மூச்சை விடாதே, இப்போது விடு என்று என்னைப் பொம்மையாக ஆட்டினாள். என் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஓட்டத் தெரியாமல் ஓட்டுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காகக் கதவுப் பக்கம் ஒதுங்கியதால் வந்த கோணல் அது. அந்தத் தோளில் மட்டும் லைனிங்குக்கு அடியில் கம்பளிப் பஞ்சை வைத்துத் தைத்துச் சமமாக்கிவிட்டாள். காஜாக்கள் ஒவ்வொன்றும் நெல்மணி அடுக்கியதுபோல் இருந்தன. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, இந்த ஆள் யாரையும் பெயிலாக்கியிருக்க மாட்டான் என்று எனக்கே தோன்றியது.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கார் நிறுத்துகிற இடத்துக்கும் மாளிகைக்கும் நடுவில் ஒரு சின்ன இரும்பு கேட். உடையோடு அதைத் தாண்டிவிட்டால், திரும்ப உடையைக் கழற்றும் வரை சொந்தப் பெயர் கிடையாது. நான் ஹோல்ட். பெரில், மாளிகையின் தையல்காரி தபித்தா. யாராவது வாய்தவறி இந்தக் காலத்துப் பேச்சைப் பேசினால் அடுத்த வாரம் எல்லோருக்கும் கேக் சுட்டுவர வேண்டும். பிலிப்பா என்கிற எங்கள் குழுத் தலைவி இதில் ரொம்பக் கறார். நான் சுட்ட கேக்குகளைச் சாப்பிட்டே அவர்கள் பாதிப் பேருக்கு வயிறு கெட்டது. பெரில் ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

அதனால்தான் எங்கள் கண்ணெதிரே நடந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பார்வையாளர் ஒருத்தி இது என்ன வருடம் என்று கேட்டால் தபித்தா தயங்காமல் பதில் சொல்வாள், அது வேடம். எஜமானியம்மா எங்கே போனாள், இந்த வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று கண் கலங்க அவள் கேட்டபோதும் அது வேடம் என்றுதான் நினைத்தோம். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பெரிலைப்போல வேடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட வேறு யாராலும் முடியாது என்று பிலிப்பா எல்லோர் முன்னாலும் பாராட்டினாள். நானும் பூரித்து நின்றேன். வீடு திரும்பும்போது காரில், வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சா, ஐயா?" என்று கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

டாக்டரிடம் போகும் அளவுக்கு எனக்குப் புத்தி வந்தது, ஒரு சட்டையின் இடது கையை வலது பக்கத்தில் வைத்து அவள் அதை முழுக்கத் தைத்து முடித்த பிறகுதான். டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. பிலிப்பா அவளைக் குழுவிலிருந்து அனுப்பவில்லை. பெரிய துணிகளை நைசாக வாங்கிக்கொண்டு, கைக்குட்டைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்தாள். பெரில் அடித்த ஓரங்களை பிலிப்பாவே வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்து, மறுவாரம் அதே துணியைத் திரும்பக் கொடுப்பாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

ஜூன் மாத வாக்கில் வீட்டில் நிலைமை மோசமானது. காலையில் நான் டீ எடுத்துக்கொண்டு போனால் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொள்வாள். யார் நீ, யார் உன்னை உள்ளே விட்டது என்பாள். நான்தான், டெஸ்மண்ட் என்றால் கோபம் இன்னும் ஏறும். அவன் சின்னப் பையன், நீ கிழவன் என்பாள். என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து ஒரு தடவை கிழித்தே விட்டாள். வாழ்நாள் முழுக்கக் கூட இருந்தவளுக்குத் திருடனாகத் தெரிவது எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு, மாளிகையில் உடை மாற்றும் அறையில் கூட்டம். எனக்குப் பொறுமை இல்லை. கோட்டோடே வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று பெரிலைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் பெரில் எழுந்து நின்று முகம் மலர்ந்தாள். மிஸ்டர் ஹோல்ட்டுக்கு நாற்காலி போட்டாள். பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் கையை நீட்டி, என் இடது தோளைத் தடவிப் பார்த்தாள். பஞ்சு வைத்த இடத்தில் விரல் நின்றது. "இது நல்லா உக்காந்துருக்கு" என்றாள்.

எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தத் தோள் யாருடையது என்று அவள் விரலுக்குத் தெரியும். வாய் ஹோல்ட் என்று சொன்னாலும் கை டெஸ்மண்ட் என்று சொல்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அன்றிலிருந்து மாளிகைக்குத் தெரியாமல் வாராவாரம் கோட்டை வீட்டுக்குக் கடத்தினேன். காலையில் அதைப் போட்டுக்கொண்டு டீ கொடுத்தால் குடிப்பாள். அதைப் போட்டுக்கொண்டு சொன்னால் குளிக்கப் போவாள். ஒவ்வொரு தடவையும் அந்தத் தோளைத் தொடமாட்டாளா என்று காத்திருப்பேன்.

நவம்பரில் மாளிகையை மூடினார்கள். மூடியதும் கம்பளி உடைகள் எல்லாவற்றையும் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவார்கள். அந்துப்பூச்சி முட்டை சாக வேண்டும். ஒரு கோட்டில் முட்டை இருந்தால் போதும், அலமாரி முழுக்கச் சல்லடையாகிவிடும். பிலிப்பா கோட்டை எடுத்துப்போக எங்கள் வீட்டுக்கே வந்தாள். கடத்தல் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

நான் பிறரிடம் கெஞ்சிப் பழகாதவன். அன்று கெஞ்சினேன். விஷயத்தை எல்லாம் சொன்னேன். பிலிப்பாவை நான் ஒரு காலத்தில் அடுத்தடுத்துப் பெயிலாக்கியவன் என்பது வேறு உறுத்தியது. அவள் பழி வாங்குகிற ஆள் இல்லை. ஆனால் மற்றவர்கள் தைத்த உடைகளும் அந்த அலமாரியில்தானே இருக்கின்றன என்று கேட்டாள். அதில் பெரில் தைத்தவையே அதிகம். கோட்டைக் கொடுத்துவிட்டேன்.

அது ஃப்ரீசரில் கிடந்த நாட்களை நினைக்கவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது. கடையில் கிடைக்கும் பழுப்புக் கோட்டு ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். மெஷின் தையல் என்று தூரத்திலிருந்தே கண்டுகொண்டாள். குப்பைத் தொட்டியை வெளியே வைத்துவிட்டு நான் திரும்புவதற்குள் கதவை உள்ளே பூட்டிக்கொண்டாள். மழையில் நின்று ஜன்னல் வழியாகக் கெஞ்சினேன். அவள் கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுக்கு அவ்வளவு பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் நான்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் பிலிப்பா பையோடு வந்தாள். கோட்டு அதற்குள் ஜில்லென்று இருந்தது. இனி இது மாளிகைக்குத் திரும்ப வர வேண்டாம் என்றாள். காரியஸ்தர் ஹோல்ட் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று குழுவில் சொல்லிக்கொள்வாளாம். நன்றி சொல்லத் தெரியாமல் அவளுடைய காரை எங்கே நிறுத்தியிருக்கிறாள் என்று கேட்டேன். கோணலாகத்தான் நிறுத்தியிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோட்டைப் போட்டேன். குளிர் முதுகெலும்பு வரை இறங்கியது. கூடத்துக்குள் போனேன்.

பெரில் மடியில் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வந்துட்டீங்களா, ஐயா" என்றாள். இத்தனை நாளில் நான் கேட்காத குரல். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் என் பின்னால் போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். தொடவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு, வேலைக்காரி எஜமானின் ஆளிடம் நிற்பதுபோல் நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இந்த வீட்டுக்குள்ள ஒரு கிழவன் வந்து போறான்."

"யாரு?"

"தெரியல. கெட்டவன்னு சொல்ல மாட்டேன், ஐயா. சாப்பாடெல்லாம் எடுத்து வைக்கிறான். ஆனா போக மாட்டேங்கிறான். சில நேரம் அழறான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "என் வீட்டுக்காரர் வர்ற நேரம். டெஸ்மண்ட். வந்து பார்த்தா என்ன நினைப்பாரு? நான் சொன்னா அவன் கேக்க மாட்டான். நீங்க சொன்னா கேப்பான். அவனைப் போகச் சொல்லுங்க."

நான் டெஸ்மண்ட் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவள் என்னை அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்தாள்; அந்த நம்பிக்கை ஹோல்ட்டின்மேல்தான் இருந்தது, என்மேல் துளிகூட இல்லை என்பது எனக்கு அப்போது நன்றாகவே புரிந்தது. அவள் கை அந்தக் கோடையில் தொட்டுப் பார்த்தது தன் தையலைத்தான்.

"சொல்லிடறேன். இனிமே வர மாட்டான்" என்றேன்.

"கோவமா சொல்லாதீங்க. பாவம், வயசானவன்."

சரி என்றேன். மாடிக்குப் போய் என் ஸ்வெட்டர்கள், சட்டைகள், தொப்பி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, மறுநாள், பழைய துணியை தர்ம காரியத்துக்காக விற்கும் கடையில் கொடுத்துவிட்டேன். இப்போது விடிந்தால் அடைந்தால் கோட்டுதான். கடைக்கும் அதோடுதான் போகிறேன்; சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கிழவன் ஒழிந்ததில் பெரிலுக்கு நிம்மதி. வேளைக்குச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். சாயங்காலமானால் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, டெஸ்மண்ட் ஏன் இன்னும் வரவில்லை என்று என்னைக் கேட்கிறாள். ரோடு சரியில்லை, வந்துவிடுவான் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.