வார்த்தைகளுக்கு அங்கே வேலையில்லை

செவ்வாய்க்கிழமை காலை செவ்வந்திலிங்கத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை. குகைக்குள் ஒரு கிளி. கிளிக்குள் ஓர் அரக்கனின் உயிர். கிளியைக் காவல் காக்க வேண்டும். அவருடைய இலாகாவில் இதெல்லாம் சகஜம். பஸ் சாயங்காலம் நாலு பத்துக்கு.

"எப்ப திரும்பி வருவீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி மட்டுவார்குழலி.

"அரக்கன் செத்ததும்."

"சாவானா?"

"கிளியை நான் ஒழுங்கா பாத்துக்கிட்டா சாக மாட்டான்."

செவ்வந்திலிங்கம் எதையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறவர். அவர் பெட்டியில் நாலு பனியனையும் ஒரு படி பச்சை மிளகாயையும் வைத்தார். பெட்டியை மூடாமல் அவளைப் பார்த்தார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லு, குழலி. ஆர்டரைத் திருப்பிக் குடுத்துடறேன்."

அவள் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தடவுவது போலத் தடவிப் பார்த்தாள். அன்றாட வீட்டு வார்த்தைகள் எல்லாம் இருந்தன.

"முறுக்கு வைக்கட்டுமா?" என்று வந்தது.

"வை," என்றார் அவர். பெட்டியை மூடினார்.

குழலியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் எழுத்தாளர். நாற்பத்தொரு நாவல்கள். எல்லாம் பழைய புராணமும் ராஜா ராணிக் கதையும்தான், ஆனால் பெரியவர்களுக்கு. அட்டையிலேயே 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று சிவப்பில் போட்டிருக்கும். அவள் கதையில் நூறு வருஷம் தூங்கிய இளவரசி எழுந்ததும் இளவரசனை முதலில் பல் தேய்த்துவிட்டு வரச் சொல்வாள். அதன் பிறகு நடப்பதைப் படிக்கிறவர்கள் ஃபேனை அஞ்சில் வைத்துக்கொள்வார்கள். ஊரில் பாதிப் பேர் தலையணைக்கு அடியில் அவள் புத்தகம் இருந்தது. ஒருத்தரும் படித்ததாக ஒப்புக்கொண்டதில்லை.

ஆனால் குழலிக்கு ஒரு பழக்கம். மூச்சு சூடாகும், வளையல் உடையும், ஜாக்கெட் கொக்கி வரைக்கும் அஞ்சாமல் எழுதிக்கொண்டு போவாள். கொக்கியில் கை வைத்ததும் இந்த ஒரு வரியைப் போட்டு அத்தியாயத்தை முடித்துவிடுவாள்: 'அதன் பிறகு அங்கே வார்த்தைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.' நாற்பத்தொரு நாவலிலும் இதே வரிதான். சிலதில் மூன்று தடவை. சொந்தக்காரர்கள் படிப்பார்களே என்ற கூச்சம். வேறொன்றுமில்லை.

வார்த்தை காணாமல் போனால் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சொற்கள் நல வாரியம், மூன்றாவது மாடி. அவள் மணி பார்த்தாள். இரண்டே கால். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வாரியத்தின் வராந்தா நடக்க நடக்க நீண்டது. களைத்துப் போகிறவர்களுக்காக நடுவில் ஒரு தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். பானைக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். இடுப்புக்கு மேலே நல்ல களையான இளவரசன். இடுப்புக்குக் கீழே தவளை.

"வணக்கம் மேடம். என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. அவளுடைய எட்டாவது நாவல்.

"முத்தம் குடுத்தா முழுசா மாறிடணும். நீங்க பாதியில வார்த்தைங்களை நிறுத்திட்டீங்க. மாற்றமும் பாதியில நின்னுபோச்சு."

"மன்னிச்சிடுங்க," என்றாள் குழலி. நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"எனக்குப் பரவாயில்லை. வீட்ல கொஞ்சம் வருத்தப்படுறாங்க," என்றான் அவன்.

கண்காணிப்பாளர் ஜெசிந்தா மேடம் ஒரு படிவத்தை நீட்டினார். முதல் கேள்வி: விண்ணப்பதாரர் உண்மையில் இருக்கிறாரா? 'ஆம்', 'இல்லை', 'சான்று இணைக்கப்பட்டுள்ளது' என்று மூன்று கட்டங்கள். குழலி 'ஆம்' என்று டிக் செய்தாள். ஜெசிந்தா மேடம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

"உங்க புஸ்தகம் எல்லாம் படிச்சிருக்கேன்."

"அப்படியா?"

"ஆபீஸ் வேலையா," என்றார் மேடம் அவசரமாக. "நாப்பத்தொரு நாவல்ல எண்பத்தேழு இடத்துல வேலை இல்லைன்னு வார்த்தைங்களை வெளியே அனுப்பியிருக்கீங்க. முன்னறிவிப்பு குடுத்தீங்களா?"

"அது ஒரு பேச்சுக்கு எழுதறதுங்க."

"பேச்சு இல்லைன்னுதானே எழுதியிருக்கீங்க?"

மேடம் உள்ளே இருந்த கூடத்தைக் கை காட்டினார்.

கூடத்தில் நீள நீளமாக பெஞ்சுகள். அவள் அனுப்பிய வார்த்தைகள் எல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தன. 'மெல்ல' தூங்கி வழிந்தது. 'வேணும்' 'வேண்டாம்' இரண்டும் ஒரே டிபன் பாக்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. 'இன்னும்' உட்காராமல் நடந்துகொண்டே இருந்தது. யாரும் அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை.

"எனக்கு 'போகாதீங்க' வேணும்," என்றாள் குழலி. இங்கே அவளால் அதைச் சொல்ல முடிந்தது. வாரியத்துக்குள் விண்ணப்பதாரர் தேவையான சொல்லைக் குறிப்பிடலாம் என்று விதி இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் வெளியே எடுத்துக்கொண்டு போகத்தான் கூடாது.

ஜெசிந்தா மேடம் பேரேட்டைப் புரட்டினார். "அதுக்கு ரயில்வே கேட்டுல நிரந்தர வேலை கிடைச்சு போன வாரமே போயிடுச்சு. மைக்குல சொல்லிக்கிட்டிருக்கு. தண்டவாளத்தைத் தாண்டிப் போகாதீங்க, போகாதீங்கன்னு."

"திரும்ப வராதா?"

"அங்கே அதுக்கு மரியாதை இருக்கு."

குழலி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மணி மூன்றே முக்கால். இருபத்திரண்டு வருஷம் ஒரே தட்டில் முறுக்கு தின்ற மனுஷன். கரண்ட் போனால் அவள் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் மூச்சுக் காட்டாமல் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பவர். அவர் போகக்கூடாது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

அப்போது சரிகை அங்கவஸ்திரமும் நெற்றியில் திலகமுமாக ஒரு சொல் எழுந்து வந்தது. 'போகாதீர்கள்'. பன்னீர் வாசம் அடித்தது.

"நான் வருகிறேன், அம்மையே," என்றது.

குழலி கற்பனை செய்து பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்று கட்டின புருஷனிடம் 'போகாதீர்கள்' என்று சொன்னால், "இது எந்த அத்தியாயம்?" என்று கேட்பார். பஸ் ஏறிவிடுவார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மிச்சம் ஒண்ணுதான் இருக்கு," என்றார் ஜெசிந்தா மேடம். மூலையைக் காட்டினார்.

மூலையில் நைட்டிக்கு மேலே துண்டு போட்டுக்கொண்டு ஒரு சொல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தது. 'போகாத'.

"அது ஒருமையாச்சே!" குழலி பதறினாள். அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோபத்தில்கூட 'ங்க' விட்டதில்லை. "என் புருஷனை எப்படிங்க நான் அப்படி?"

"தவளையை அப்படித்தானே கூப்பிட வச்சே?" என்றது அந்தச் சொல். "அரக்கனை? நாகராஜாவை? எல்லாத்தையும் நீ, வா, போ, போகாதன்னுதானே? கொக்கி வரைக்கும் நான் உழைச்சேன். அப்புறம் வெளியே போன்னுட்டே."

"அவங்க எல்லாம் கதைல வர்றவங்க."

"அப்ப இவரு கிளிகிட்ட போகட்டும்."

குழலி கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது வராந்தா நீளவில்லை. அதற்குத் தனி விண்ணப்பம் தேவையில்லையாம். ஆட்டோவில் சொல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. பஸ் ஸ்டாண்டு வாசலில் இறங்கியதும், "வாயைத் திற," என்றது. திறந்தாள். உள்ளே ஏறி நாக்கில் உட்கார்ந்துகொண்டது. நல்ல கனம்.

'ஏழாம் கடல், வழி மணப்பாறை' என்று போர்டு போட்ட பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. செவ்வந்திலிங்கம் ஜன்னல் ஓரத்தில் இருந்தார். மடியில் பெட்டி. அவர் வெளியே பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இருநூறு பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் அவள் வாசகர்கள். நாற்பத்தொரு இளவரசிகளின் கொக்கி வரைக்கும் போன குழலிக்குத் தன் முந்தானையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உடம்பெல்லாம் காந்தியது.

"போகாத!" என்றாள்.

பஸ் நின்றது. பூ விற்கிறவள் நின்றாள். செவ்வந்திலிங்கம் பெட்டியோடு எழுந்து படிக்கட்டுக்கு வந்தார்.

"யாரைச் சொன்னே?"

"உன்னைத்தான்." அவள் கூட்டிவராத சொல் அது. தானாக வந்தது.

அவர் காது மடல் சிவந்தது. குழலி கதாநாயகிகளின் காதைத்தான் சிவக்க வைத்திருக்கிறாள். ஆம்பிளைக்கும் சிவக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"போகாத," என்றாள். இந்த முறை மெதுவாக, அவருக்கு மட்டும்.

"சார், ஏறுறீங்களா, இறங்குறீங்களா?" கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "அங்கே கிளி தனியா இருக்கு."

செவ்வந்திலிங்கம் அவர் பக்கம் திரும்பவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கட்டின மனைவியின் முகத்தைப் பார்த்து, "இறங்கிடறேங்க," என்றார்.