இரண்டாவது பாலத்துத் தொப்பி

உடற்பயிற்சிச் சங்கத்தின் வருடாந்திர நடைபயணத்துக்கு இந்தத் தடவை பொறுப்பு எர்னாவுக்கு. பொறுப்பேற்றவர் முதலில் தானே ஒருமுறை வழியை நடந்து பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்களைக் கூட்டிப்போகலாம். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டத்தையாவது எங்கள் ஊரில் யாராவது ஒருவர் மீறுவார். இதை யாரும் மீற மாட்டார்கள்.

ஆறு ஓடும் மலையிடுக்குக்குப் போகலாம் என்று போன வருஷமே முடிவானது. அப்போது அவள் புருஷன் ஆல்பின் நன்றாக இருந்தான். குளிர்காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் லேசாக வந்துவிட்டுப் போனது. போனதுதான், ஆனால் இடது காலை முழுசாக விட்டுப் போகவில்லை. சமதரையில் நடப்பதைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது; களைத்துவிட்டால் பாதம் தரையை உரசும். ஊர்த் தெருவில் உரசினால் செருப்புதான் தேயும். பாறையைக் குடைந்த ஈரப் பாதையில், கீழே ஆறு உறுமிக்கொண்டிருக்கும்போது உரசினால்? அந்த இடுக்கில் நடுவில் வெளியேற வழியும் கிடையாது. மேல் முனை வரை போக வேண்டும், இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டும்.

"நீ வர வேண்டாம்" என்று சொல்ல எர்னாவுக்கு வாய் வரவில்லை. சங்கத்து மண்டபத்தில் கைகளை ஊன்றித் தலைகீழாக நடந்து காட்டிய ஆள் அவன். "முடியுமா?" என்று கேட்டாலே முகம் கல்லாகிவிடும். அதனால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவனைச் சுற்றியே எல்லாத் திட்டத்தையும் போட்டாள். இங்கே பூப் பார்க்க ஒரு நிறுத்தம், அங்கே தண்ணீர் குடிக்க ஒரு நிறுத்தம். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

புதன்கிழமை வழி பார்க்கப் போனாள். பாதையோரத்து மஞ்சள் கைகாட்டியில் போட்டிருக்கும் நடை நேரம் திடமான ஆளுக்கு. ஆல்பினுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிய வேண்டுமே. தன் இடது காலை வேண்டுமென்றே இழுத்து இழுத்து நடந்து பார்த்தாள். வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒரு குடும்பம் நின்று, "உதவி வேணுமாங்க?" என்றது. "இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை.

இரண்டாவது பாலத்தில் கைப்பிடிக் கம்பத்தின் தலையில் ஒரு தொப்பி மாட்டியிருந்தது. பாதையில் கண்டெடுத்த பொருளை இங்கே யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. தொலைத்தவர் கண்ணில் படும்படி பக்கத்திலேயே மாட்டிவிட்டுப் போவார்கள். சாம்பல் நிறத் தொப்பி. உள்ளே பிரிந்த தையலை நீல நூலில் தைத்திருந்தது. தைத்தவள் எர்னாதான்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே ஆற்றை எட்டிப் பார்த்தாள். அன்று காலையில் ஆல்பினுக்குக் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியது நினைவுக்கு வந்த பிறகே மூச்சு வந்தது. அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை கிளம்பியவன், வெறுந்தலையோடு திரும்பி வந்து, "ரயில்ல விட்டுட்டேன்" என்றான். அப்படியானால் இங்கேதான் வந்திருக்கிறான், தனியாக. எதுவரை போனான்? விழுந்தானா? தொப்பியைக் கையில் எடுத்தாள். எடுத்துக்கொண்டு போனால் பேச வேண்டியிருக்கும். திரும்ப மாட்டிவிட்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு பொரித்தாள், வானிலை பேசினாள், கேட்க வேண்டியதை மட்டும் மென்று விழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சத்திரத்தின் பின்னறையில் சங்கம் கூடியது.

"ரெண்டு குழுவாப் போறோம்," என்றாள் எர்னா. "பெரிய குழு மேல வரைக்கும். சின்னக் குழு ரெண்டாவது பாலத்தோட நின்னு, அங்க நெருப்பு மூட்டி சாசேஜ் சுட்டுச் சாப்பிட்டுட்டு, நிதானமாத் திரும்பிடும். பெரிய குழுவுக்கு யாரு?"

எல்லாக் கையும் மேலே போனது. ஆல்பினின் கையும்தான்.

"சின்னக் குழுவுக்கு?"

ஒரு விரல்கூட அசையவில்லை. குழாய் வேலை செய்யும் ரூடி மேசையைத் தட்டினான். அவன் முட்டி வீங்கி முட்டைக்கோஸ் மாதிரி இருப்பது ஊருக்கே தெரியும். கை மட்டும் எல்லோருக்கும் மேலே. "என்னம்மா எர்னா, பாதி இடுக்குக்கு ஒரு பயணமா? பாதி மீசையச் செரச்சுட்டு வந்த மாதிரியில்ல இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். இனி ஒரு வழியும் இல்லை. இவன் வருவான், மேல் முனை வரை நடப்பான், அவள் பின்னாலேயே அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

"எர்னா," என்றான் ஆல்பின். கண் தன் குவளையில் இருந்தது. "வழி பாக்கப் போனியே, ரெண்டாவது பாலத்துல ஒரு தொப்பி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எடுத்துட்டு வரலையா?"

"நீ சொல்லாத ஒண்ண நான் எப்படி எடுத்துட்டு வர்றது?"

ஆல்பின் குவளையைத் தள்ளி வைத்தான்.

"ஞாயித்துக்கெழம நானும் வழி பாக்கத்தான் போனேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் கால் வரமாட்டேன்னுருச்சு. உக்காந்துட்டேன். வர்றவன் போறவன்லாம் வணக்கம் சொன்னான், நானும் சொன்னேன். ஆத்த வேடிக்கை பாக்குறேன்னு நெனச்சிருப்பானுங்க. எந்திரிச்சாப் போதும்னு வந்ததுல தொப்பி நெனப்பே இல்ல." கையை உயர்த்தினான். "நான் சின்னக் குழு. தொப்பி எடுக்கணும்."

ரூடி தொண்டையைச் செருமினான்.

"இவன ஒத்தையில விட்டா தொப்பிய எடுத்துட்டுத் தலைய மறந்துட்டு வருவான். நானும் நிக்கிறேன். முட்டி வேற..."

"முட்டி வேற என்னடா?" என்றான் ஆல்பின்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு! உனக்குத் துணைக்குடா."

இன்னும் மூன்று நான்கு கைகள் மெதுவாக எழுந்தன. எர்னாவுக்குக் கண் கலங்கியது, வெட்கமாகவும் இருந்தது. கைகாட்டியைக் கேட்டாள், பாதையைக் கேட்டாள், தன் காலைக் கூட இழுத்துப் பார்த்தாள். இவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"அப்ப நானும் பாலத்துலயே இருந்துடறேன்," என்றாள்.

"நீ எப்படி? கூட்டிட்டுப் போறவ நீதானே. மேல போ."

"ஆல்பின்..."

"போய்ட்டு வா. என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்காத, எர்னா. பாதை ஈரம்."

அவள் தலையாட்டினாள். எல்லாவற்றையும் நடந்து பார்த்தாயிற்று. அவனைப் பாலத்தில் விட்டுவிட்டு முன்னால் பார்த்து நடப்பதை மட்டும் அவள் நடந்து பார்த்திருக்கவில்லை.