செவ்வாய் வேண்டாம், வெள்ளி வை

சனியின் வளையம் வாசலில் மாட்டிக்கொண்டது. உள்ளே வரவும் மாட்டேன் என்றது, வெளியே போகவும் மாட்டேன் என்றது. உள்ளிருந்து அத்தை இழுத்தாள். வெளியிலிருந்து மாப்பிள்ளை தள்ளினான். நடுவில் ஆறடி அகலத் தெர்மோகோல் வளையம், தெருவே பல்லைக் கடித்துக்கொள்ளும்படி கிறீச்சிட்டது.

"இந்தச் சனியன் எப்பத்தான் வீட்டை விட்டுத் தொலையும்?" என்று படுக்கையறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"இப்பத்தான் அண்ணி உள்ளயே வருது," என்றாள் அத்தை.

அந்த வீட்டில் மனிதர்கள் நிமிர்ந்து நடந்து மூன்று மாதம் ஆகிறது. சோபா இருந்த இடத்தில் வியாழன் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு யானைக்குட்டி படுத்துப் புரளலாம், அவ்வளவு பெரிது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் புதன். பீரோவின்மேல் நெப்டியூன். மாடிப்படியில் ஞாயிறு. அதற்குள் போட்டிருந்த விளக்கை யாராவது தெரியாமல் தட்டிவிட்டால், எதிர்வீட்டுக்காரர்கள் விடிந்துவிட்டதென்று எழுந்து பல் தேய்க்கப் போய்விடுவார்கள்.

இன்னும் பதினாறு நாளில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் முழுக்க வானமாக வேண்டும். மணமக்கள் கோள்களுக்கு நடுவே நடந்து வர வேண்டும். வெள்ளி கண்டிப்பாக மேடைக்கு முன்னால் தொங்க வேண்டும். செவ்வாய் மட்டும் கூடவே கூடாது. எல்லாம் அண்ணனின் ஆசை. முகத்தில் ஆக்சிஜன் மூடியோடு, பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தபோது தங்கையைக் கூப்பிட்டுச் சொன்ன ஆசை.

அப்படித்தான் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள், தங்கையைத் தவிர. அந்தத் தங்கைதான் அத்தை.

அத்தைக்கு வீட்டில் பட்டப்பெயர் 'எக்ஸ்சேஞ்ச்'. முப்பத்தெட்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் இணைப்பு கொடுத்தாளாம். நாட்டில் பாதிக் கல்யாணங்களும் முக்கால்வாசிச் சமாதானங்களும் அவள் காதுவழியாகத்தான் நடந்தனவாம். அத்தனையிலும் ஒரு சொல், ஒரே ஒரு சொல், இடம் மாறிப் போனதில்லை என்பது அவளுடைய பெருமை.

மூன்று மாதத்துக்கு முன், ஆசுபத்திரியில் ஒருவரைத்தான் உள்ளே விடுவோம், அதுவும் ஐந்து நிமிடம்தான் என்றார்கள். அண்ணி உள்ளே போனால் மயங்கி விழுந்து இன்னொரு கட்டில் கேட்பாள். ஆகவே அத்தை போனாள். அதற்கு முன் ஒரு மணி நேரம் அவள் மாப்பிள்ளையிடம் மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் கோளரங்கத்தில் படக்கருவி பழுதுபார்ப்பவன். அண்ணன் மகள் அங்கேயே வர்ணனை சொல்பவள். சூரியனை ஞாயிறு என்பாள், நிலாவைத் திங்கள் என்பாள், அவ்வளவு சுத்தமான தமிழ். வராந்தாவில் கவலையை மறக்க வைக்கிறேன் பேர்வழி என்று அவன் வியாழனின் நிலாக்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னான். நாற்பதாவது நிலாவில் அத்தைக்குக் காது அடைத்துவிட்டது.

அந்தக் காதோடு உள்ளே போனாள். அண்ணன் மூடியை விலக்கி, ஊதிய பலூனிலிருந்து காற்று போகிற குரலில் சொன்னார்: "கல்யாணத்துக்கு... செவ்வாய் வேண்டாம்... வெள்ளி வை... சனி, ஞாயிறு கிடைச்சா இன்னும் நல்லது..."

பஸ் டிப்போவில் நேர அட்டவணை போட்டே தலை நரைத்தவர் அவர். அவருக்கு உலகத்தில் இருப்பவை ஏழே ஏழு சாமான்கள், ஞாயிறு முதல் சனி வரை. அத்தைக்கு அது உறைக்கவில்லை. வெளியே வந்து, "அண்ணனுக்குக் கல்யாணத்துல கோளெல்லாம் வேணுமாம்!" என்றாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் காதின் குற்றமாகப் போயிருக்கும். ஆனால் மூன்று பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வெறும் நாலு வார்த்தையோடு நிறுத்துவதற்கு அத்தைக்கு மனசு வரவில்லை. "'என் பொண்ணு தினம் சொல்ற வானத்தை மண்டபத்துக்குள்ள பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்'னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதார்," என்று சேர்த்தாள். சொல்லும்போதே அவளுக்கே கண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்?

அண்ணன் பிழைத்து வீட்டுக்கு வந்தார். இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது என்றார்கள். வீடெங்கும் கோள்கள் முளைப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தினமும் காலையில், "நல்லா இருக்கு," என்பார்.

பத்து நாளைக்கு முன் மண்டபம் உறுதியானபோதுதான் வெடித்தது. "என்னைக்குக் கிடைச்சுது?" என்று கேட்டார். "வியாழன்," என்றாள் அத்தை. "வியாழனா? டிப்போவுல ஒருத்தனுக்கும் லீவு கிடைக்காதே. அதுக்குத்தானே அன்னைக்கே உன்கிட்ட வெள்ளி வைன்னு சொன்னேன்?"

இருநூறு லைன் ஒரே நொடியில் அறுந்ததுபோல இருந்தது அத்தைக்கு. யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாரும் பக்கத்துலயே இருங்க," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வளையம் ஒருவழியாக உள்ளே வந்தது, ஒரு துண்டை வாசலுக்குக் கொடுத்துவிட்டு. மாப்பிள்ளை பசை வாங்கக் கடைக்குப் போனான். அண்ணன் மகள் தரையில் உட்கார்ந்து உடைந்த துண்டை ஒட்டப் பார்த்தாள். ஒட்டவில்லை. அதைக் கீழே வைத்தாள்.

"அத்தை, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"என்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு மாதிரி. சொல்லுடி."

"எனக்கு இதெல்லாம் வெறுத்துப்போச்சு. தினம் அஞ்சு காட்சி. வெள்ளி வெளிச்சமா இருக்கும், சனிக்கு வளையம் இருக்கும், வியாழன் பெரிசு... கல்யாணத்தன்னைக்காவது தலைக்கு மேல வெறும் கூரை இருந்தாப் போதும்னு இருந்தேன். அதுலயும் செவ்வாயை விட்டுட்டு ஒரு சூரியக் குடும்பம்! ஆபீஸ்ல யார் முகத்துலயும் முழிக்க முடியாது." கையில் ஒட்டியிருந்த பசையை உரித்தாள். "ஆனா அப்பா ஆசை. அவர் இருந்தாலும் செய்யணும், இல்லாட்டியும் செய்யணும். இல்லாட்டிதான் கண்டிப்பாச் செய்யணும்."

அந்தக் கடைசி வாக்கியம் அத்தையை எழுப்பி நிறுத்தியது. இன்றைக்கு அண்ணன் போய்விட்டால் அவள் கட்டிய கதை கல்வெட்டு. அப்புறம் யார் வந்து அழிப்பது?

"எந்திரி," என்றாள். "உங்கப்பாகிட்ட வா. எனக்குத் தைரியம் இருக்கும்போதே வா."

அண்ணி கரண்டியால் அண்ணனின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். அவர் விழித்துத்தான் இருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு ஆசுபத்திரியில நீ என்கிட்ட சொன்னதை இவகிட்டச் சொல்லு."

"எது?"

"செவ்வாய் வேண்டாம், வெள்ளி வை."

"ஆமா. வெள்ளி வெச்சாத்தானே சனி, ஞாயிறு லீவுல வெளியூர்க்காரங்க வந்துட்டுப் போகலாம்."



"கிழமையா?" என்றாள் மகள்.

"கிழமைதான்டி," என்றாள் அத்தை. "நான் கோள்னு நினைச்சுட்டேன்."

"அப்பா அழுதார்னீங்களே?"

"அது நான் சேர்த்தது."

"வானத்தைப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்னு?"

"அதுவும்."

"கையைப் புடிச்சுக்கிட்டார்னு..."

"கையில ஊசி குத்தியிருந்தாங்க, அவரால எப்படிப் பிடிக்க முடியும்? எல்லாம் நான்தான். என்னை அடிச்சாலும் சரி, திட்டினாலும் சரி."

அண்ணன் மெல்லத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். "அப்போ இது உன் ஆசை இல்லையா?"

"எனக்கா? உங்க ஆசைன்னுதானேப்பா!"

"எனக்கு அந்தச் சனியைப் பார்த்தாலே கிறுகிறுன்னு வருது," என்றார் அண்ணன். ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார். "மூணு மாசமா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லி... தாடையே வலிக்குதும்மா."

"அப்ப என் சோபாவைத் தூக்கி வெளியில போட்டீங்களே, அது யாருக்காக?" என்று அண்ணி கேட்டாள்.

யார் முதலில் சிரித்தது என்று அப்புறம் பலமுறை யோசித்தும் அத்தைக்குத் தெரியவில்லை. சிரிப்பு என்றால் அப்படியொரு சிரிப்பு. மகள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள், அண்ணியின் கிண்ணம் கவிழ்ந்தது, பீரோவின்மேல் நெப்டியூன் ஆடியது. அண்ணனுக்குச் சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கண்ணோரம் நீர் வழிந்தது.

"எக்ஸ்சேஞ்ச்," என்றார் தங்கையைப் பார்த்து, "நீ ரிடையர் ஆனது... நாட்டுக்கு ரொம்ப நல்லது."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கட்டும் என்று விட்டார்கள். மாப்பிள்ளை பசையோடு திரும்பி வந்து, "பெரிசா ஒண்ணு வாங்கிட்டேன்," என்று அறை வாசலில் நின்றபோது, அண்ணிதான் அவரது நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

டாக்டர் வந்து சோதித்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டும்வரை அத்தை சுவரோடு ஒட்டி நின்றாள்.

"டாக்டர், அவர் சிரிச்சார். நான்தான் சிரிக்க வெச்சேன். அதனாலயா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "சிரிச்சாரா? எப்போ?"

"கொஞ்சம் முன்னாடி. ரொம்ப."

"நேத்து ராத்திரியே முடிஞ்சிடும்னு நினைச்சேன்மா. மூச்சுத் திணறித் திணறிப் போயிருக்க வேண்டியது." பையை மூடினார். "சிரிச்சுட்டுப் படுத்தார்னா அதைவிட வேற என்ன வேணும்?"

அத்தை முன்னறைக்கு வந்து வியாழனின்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். அது அவள் பாரம் தாங்காமல் உள்ளே குழிந்தது. கேட்பாரில்லை.

மறுநாள் அண்ணனை முன்னறையில் கிடத்தினார்கள். கோள்களை அப்புறப்படுத்த ஆளுமில்லை, இடமுமில்லை. வந்தவர்கள் சனியின் வளையத்துக்கடியில் குனிந்து, வியாழனைச் சுற்றி, மாலையோடு பக்கவாட்டில் நகர்ந்து போக வேண்டியிருந்தது. டிப்போவே திரண்டு வந்திருந்தது. அன்றைக்கு நகரத்தில் ஒரு பஸ்கூட ஓடியிருக்காது என்று அத்தைக்குத் தோன்றியது. ஒரு பெரியவர் தன் குடையை யுரேனஸ்மேல் மாட்டிவிட்டு, வந்த காரியத்தைக் கவனித்தார்.

ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர், எருமை போன்ற உடம்பும் குழந்தை போன்ற குரலும் உள்ளவர், தலைமாட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். கூரையிலிருந்து வெள்ளி தொங்கிக்கொண்டிருந்தது.

"வானத்துக்குப் போறவருக்கு வானத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்துட்டீங்களேம்மா," என்றார் தழுதழுத்து. "அவரே கேட்டாரா? கடைசி ஆசையா?"

சுற்றிலும் ஏழெட்டு முகங்கள் அத்தையின் வாயைப் பார்த்தன. ஈரமான கண்கள், பாதி திறந்த வாய்கள். இதைவிட நல்ல கூட்டம் அவளுக்கு வாழ்நாளில் அமைந்ததில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண்ணீர்கூடத் தயாராக இருந்தது.

அண்ணன் மகள் எதிரே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க," என்றாள் அத்தை. "கல்யாணத்துக்குச் செஞ்சது. வைக்க இடம் இல்லாம இங்க கிடக்கு."

டிரைவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "ஓ," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மகள் தலையைக் குனிந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் குனிந்த முகத்தில் இருந்தது அழுகை மட்டுமல்ல.

வண்டி போய், போனவர்கள் திரும்பி, வந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மகள் மாடிப்படியில் உட்கார்ந்து மண்டபத்துக்குப் போன் செய்தாள். அத்தை ஒட்டுக்கேட்கவில்லை, சும்மா அந்தப் பக்கம் நின்றாள்.

"வியாழன் வேண்டாங்க. மறுநாள் காலியா இருக்கா? ஆமா, வெள்ளி. வெள்ளிக்கிழமை. கிழமை." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டாள். "காரியமெல்லாம் அதுக்குள்ள முடிஞ்சிடும். அலங்காரமா? ஒண்ணும் வேண்டாம். நாற்காலி மட்டும் நிறையப் போடுங்க. எல்லாரும் வருவாங்க."

அத்தை சமையலறைக்குப் போனாள். பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய சாப்பாடு மூடியபடியே இருந்தது. ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். முதல் தட்டு எப்படிப் போனதென்றே தெரியவில்லை. இரண்டாவது தட்டில் பாதியில் இருந்தபோது அண்ணி உள்ளே வந்தாள். அத்தையின் கை நின்றது.

அண்ணி இன்னொரு தட்டை எடுத்தாள். இரண்டு பேரும் அடுப்பு மேடையின் இரண்டு பக்கமும் நின்று சாப்பிட்டார்கள்.

"உப்பு கம்மி," என்றாள் அண்ணி.

அத்தை உப்பு ஜாடியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.