முதலாளி முகத்தில் களை

திரையில் இழுத்துக் கூட்டவும் குறைக்கவும் மொத்தம் நாற்பத்தொரு ஸ்லைடர். ஸ்டூடியோவின் வீடியோ எடிட்டர் கம்ப்யூட்டரில் தானே எழுதிச் செய்த எஃபெக்ட் அது. எந்த முகத்தைக் கொடுத்தாலும் பளிச்சென்று ஆக்கிவிடும். ஆனால் எந்த ஸ்லைடர் எதற்கென்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வைத்த பெயர்கள் அப்படி: ‘இது’, ‘இதுதான்’, ‘புது இது’, ‘தொடாதே’.

அதனால் இரண்டு வருடமாக மனுஷனுக்கு லீவு கிடையாது. பல் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுகூட ஸ்டூடியோவிலிருந்து போன் வந்தது. இந்த முறை மனைவி கடற்கரைக்கு டிக்கெட்டே எடுத்துவிட்டாள்.

“நீங்க வரலைன்னா நானும் பொண்ணும் போறோம். போட்டோவுல உங்களை நீங்களே ஒட்டிக்கங்க.”

முதலாளியிடம் போய்க் கெஞ்சினார். அவர் ஒரே நிபந்தனை போட்டார். “அந்த ஸ்லைடர் பேனலை ஒழுங்கா அடுக்கு. சவுண்ட் அக்கா ஓட்டிப் பாக்கட்டும். நீ வாயத் தொறக்கக் கூடாது. அவங்களுக்குப் புரிஞ்சா உனக்கு ஒரு வாரம் லீவு.”

சவுண்ட் அக்கா ஒலிப்பதிவு பார்ப்பவர். எடிட்டிங் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்.

எடிட்டர் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அடுக்கினார். வேண்டாததைக் கடாசினார். ஒளிக்கு ஒரு பேனல், நிறத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று. முகத்தில் நாலே ஸ்லைடர்: பரு, சுருக்கம், கருவளையம், களை. பார்க்கப் பார்க்க அவருக்கே பெருமை தாங்கவில்லை.

சோதனைக்கு முதலாளி கொடுத்தது, ஆண்டு விழாவில் அவரே பேசிய வீடியோ. அக்கா உட்கார்ந்தார். பருவை நூறுக்கு இழுத்தார், போயிற்று. சுருக்கமும் போயிற்று. கருவளையம் போன இடம் தெரியவில்லை. அடுத்து களை. ஏற்கெனவே ஐம்பதில் நின்றதைப் பார்த்துப் பதறி, பூஜ்யத்துக்கு இறக்கினார்.

“ஆச்சு.”

திரையில் முதலாளிக்குப் பருவும் இல்லை, சுருக்கமும் இல்லை, உயிரும் இல்லை.

“என்னங்க இது, மூஞ்சில களையே இல்ல!” என்று முதலாளி அலறினார்.

விளக்கம் சொல்ல வந்த எடிட்டர், நிபந்தனை நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“இழுத்தா பரு போகுது, சுருக்கம் போகுது. அப்ப களையும் போயிடும்தானே?” என்றார் அக்கா. “உங்களுக்கு இருக்கறதே கொஞ்சம். அதையும் எதுக்குப் போக்கணும்னு குறைச்சேன்.”

அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. மூன்று நாள் முறைத்துப் பார்த்தும் தன் கண்ணில் இது படவில்லையே என்று எடிட்டருக்கு அவமானமாக இருந்தது. பேசத்தானே கூடாது? மௌஸை வாங்கி, முகத்தை இரண்டு பேனலாகப் பிரித்தார். முதல் மூன்றுக்கும் ‘போகட்டும்’ என்று தலைப்பு. களைக்குத் தனியாக ‘வரட்டும்’.

அக்கா படித்தார், தலையாட்டினார், களையை நூறுக்கு ஏற்றினார். முதலாளி புதுமாப்பிள்ளை ஆகிவிட்டார்.

அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நேர்லயும் நான் இப்படித்தானே இருக்கேன்?”

இப்போது அக்காவும் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு எடிட்டரைக் காட்டினார். “சரி, இவனை ‘போகட்டும்’ பேனல்ல போடுங்க. ஒரு வாரம் கழிச்சு ஒழுங்கா ‘வரட்டும்’ பேனலுக்கு வந்துடணும்.”