சுற்றிவராத பானை

பயிற்சி முடிய இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. பானை இன்னும் பாதிகூடத் தேறவில்லை.

அருங்காட்சியகத்தின் மாடி அறையில் பதினோரு வரலாற்று ஆசிரியர்களுக்கு, கைபேசிப் படங்களை வைத்து முப்பரிமாண மாதிரி செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள். இயற்பியல் படித்தவள். மனிதர்களைவிடக் கணினியோடு பேசுவது சுலபம் என்று நினைக்கிற ரகம். நான்கு மணிக்கு இயக்குநர் வருவார். மான் தீட்டிய அந்தப் பானை திரையில் முழுதாகச் சுற்றினால் அடுத்த ஆண்டும் வகுப்பு உண்டு, அவளுக்கு வேலையும் உண்டு. இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"எத்தனை படம் எடுத்தீங்க, மேடம்?"

"அறுபது," என்றாள் கண்ணாடி போட்ட ஆசிரியை, பெருமையாக.

அறுபதிலும் மான் முகம்தான்.

"சுத்தி எடுக்கணும்னு சொன்னேனே..."

"மான் இந்தப் பக்கம்தானே இருக்கு? கல்யாணப் பொண்ணை யாராவது முதுகுப் பக்கமா படம் எடுப்பாங்களா?"

வகுப்பு சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பானை சுவரை ஒட்டிய உயரமான மேடையில் இருந்தது. கொஞ்சம் முன்னால் நகர்த்தித் தரும்படி காப்பாளரைக் கேட்டாள். கண்ணாடி ஆசிரியைக்கு அவர் மாமனார்.

"இருக்கிற இடத்துல இருக்கட்டும்மா. தொட்டா உதிர்ந்துடும்."

"வீட்டுல டிவி ரிமோட், இங்க பானை," என்றாள் மருமகள். "மாமா, பாவம், அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்."

"நீ சும்மா இரும்மா."

அவர் சாவிக்கொத்தைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே பளபளப்பாகத்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் அவள் முக்காலி போட்டு ஏறினாள். இரண்டு பக்கவாட்டிலும் எடுத்தாள். எக்கிக் கையை உயர்த்தி, கண்ணுக்கு எட்டாத உயரத்தில் கைபேசியைப் பிடித்து மேலிருந்தும் எடுத்தாள். கணினி எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் மென்றுவிட்டு ஒரு பானையைத் துப்பியது. முன்பக்கம் அச்சு அசல். பின்பக்கம் ஆவென்று திறந்து கிடந்தது.

"ஓட்டையை அடைக்கிற பட்டன் ஒண்ணு காட்டினியே," என்றாள் கண்ணாடி ஆசிரியை. "அதை அமுக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

அமுக்கினாள். பின்பக்கம் உரித்த முட்டை மாதிரி வழவழவென்று வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை நீக்கினாள்.

"இது கம்ப்யூட்டர் பண்ணின பானை, மேடம்."

எங்கே தவறினோம் என்று படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மேலிருந்து எடுத்த ஒன்றில் பானையின் வாயைப் பெரிதாக்கினாள். உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். பச்சையாக இருந்தது. அறைச் சுவரின் பச்சை.

திரையைக் காப்பாளர் பக்கம் லேசாகத் திருப்பினாள். அவர் பார்த்தார். பிறகு மின்விசிறியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு இயக்குநர் வந்து உட்கார்ந்தார். அவள் மாதிரியைச் சுற்றினாள். மான், பக்கவாட்டு, அப்புறம் ஓட்டை.

"என்ன இது? மூணு நாள் பயிற்சிக்குப் பாதிப் பானையா?"

"மாதிரி சரியாத்தான் சார் வந்திருக்கு." அவள் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை.

"அப்போ மீதி எங்க?"

பதில் நுனிநாக்கில் இருந்தது. ஆனால் அது அவள் சொல்ல வேண்டிய பதில் அல்ல. இத்தனை வருஷம் அந்தப் பானையைச் சுவரோடு சேர்த்து வைத்து அதன் மானத்தைக் காப்பாற்றியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் விசைப்பலகையைப் பார்த்தாள்.

"சரி, அடுத்த வருஷத்துக்கு வேற ஆளைப் பார்ப்போம்." இயக்குநர் எழுந்தார்.

காப்பாளர் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார்.

"உக்காருங்க சார். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. மண்ணுக்குள்ளேருந்து எடுத்தப்பவே அந்தப் பானை பாதிதான்."