செருப்புக்குக் காவல்

கண்ணாடி அக்கா கப்பலில் போகப் போகிறாள், அதுவும் தன்னந்தனியாக என்ற சேதி, காபி ஆறுவதற்குள் குடும்பம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. சேராமல் என்ன செய்யும்? அவள் முதலில் சொன்னது தங்கையிடம். தங்கை காதில் போட்டால் தண்டோரா போட்ட மாதிரிதான்.

அக்காவுக்கு வயது ஐம்பத்து நாலு. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அந்தப் பெயர். கல்யாணம் வேண்டாம் என்று அந்தக் காலத்திலேயே சொன்னவள். அதில் அவளுக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது, வருத்தமெல்லாம் மற்றவர்களுக்குத்தான். கடைக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா?” என்று கேட்பாள். வந்தவர் இழுத்தால், “யோசிக்காதீங்க. கண்ணு சொல்றதைச் சொல்லுங்க” என்பாள். தன் விஷயத்திலும் அப்படித்தான். ஒருநாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கப்பல் விளம்பரம் ஒன்றைப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. போன் போட்டுவிட்டாள்.

அதற்காக அவள் கடலையே பார்க்காதவள் என்று நினைத்துவிட வேண்டாம். குடும்பத்தோடு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். போய் இறங்கியதும் என்ன நடக்கும்? ஆளாளுக்குச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, “அக்கா, கொஞ்சம் பாத்துக்க” என்று அலையைப் பார்த்து ஓடுவார்கள். செருப்பு, செல்போன், கைப்பை, குழந்தைகளின் சட்டை, தங்கை கணவரின் மூக்குக்கண்ணாடி எல்லாம் ஒரு குவியல். குவியலுக்குப் பக்கத்தில் இவள். அவர்கள் ஆடி முடித்துத் திரும்பும்போது பசி வந்திருக்கும், இருட்டியிருக்கும், “கிளம்பலாமா?” என்பார்கள். நீயும் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வா என்று ஒப்புக்குக்கூட யாருக்கும் சொல்லத் தோன்றியதில்லை. கடல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், “செருப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும்” என்று அவளே கிண்டலாகச் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள்.

அதனால்தான் அந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்தாள். அது வழியில் ஒரு தீவில் நிற்கும். சின்னப் படகில் கொண்டுபோய் மணலில் இறக்கிவிடுவார்கள். இறங்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், தண்ணீருக்குள் போக வேண்டும். யாருக்காகவும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஏற்பாடுகளை அவள் செய்த அழகே தனி. ஒரு கையால் இழுக்கிற பெட்டி. இன்னொரு ஜோடிக் கண்ணாடி, அதற்குக் கழுத்தில் மாட்டக் கயிறு. பயண ஏஜென்ட் பெண்ணைக் கேள்வியால் துளைத்துவிட்டாள்.

“தனியா வர்றவங்களைச் சாப்பாட்டுக்கு எங்கம்மா உக்கார வைப்பீங்க?”

“பெரிய மேசையில நாலு பேரோடயும் உக்காரலாம் மேடம். வேண்டாம்னா ஜன்னல் பக்கம் சின்ன மேசை.”

“முதல் நாள் பெரிய மேசை. அறுவையா இருந்தா மறுநாள் ஜன்னல்.”

“இன்னொண்ணு மேடம், ரூம்ல ரெண்டு கட்டில். ஒருத்தர் போனாலும் ரெண்டு பேருக்கான காசு...”

“தெரியும். அந்தக் கட்டில்ல என் பெட்டி தூங்கட்டும்.”

இதை அவள் தங்கையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! காசு கொடுத்த இடம் காலியாகப் போவதை அந்தக் குடும்பம் பொறுக்காது. ஒரு தடவை சினிமாவுக்கு ஒருவர் வரவில்லை என்று, வீட்டில் குழாய் பழுது பார்க்க வந்த ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள். அந்த மனிதர் பாவம், படம் முடியும்வரை ஸ்பேனரை மடியிலேயே வைத்திருந்தார்.

மறுநாளே தங்கையின் போன் வந்தது. “அக்கா, பிரச்சினை தீந்துது!”

“என்ன பிரச்சினை?”

“அந்தக் காலிக் கட்டில்தான். அத்தையை உன்கூட அனுப்பறோம். ஏஜென்ட்கிட்ட பேசிட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னா பேரைச் சேத்துடுவாங்களாம். அத்தை பெட்டியே கட்டியாச்சு. என்ன சந்தோஷம் தெரியுமா அதுக்கு!”

அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவள். எழுபதைத் தாண்டியாகிவிட்டது, முழங்கால் வலி வேறு. அத்தையோடு போனால் தீவில் என்ன நடக்கும் என்று அக்காவுக்கு இப்போதே தெரிந்தது. அத்தைக்குப் பக்கத்தில், மணலில், மாத்திரைப் பையோடு இவள் உட்கார்ந்திருப்பாள். சரி என்றால் மறுபடியும் காவல். வேண்டாம் என்றால் பெட்டி கட்டிய கிழவியின் மனசு நோகும். முள்ளில் விழுந்த சேலையாக இருந்தது விஷயம்.

ஆனால் உட்கார்ந்து கண்ணைக் கசக்குகிற ஆள் அவள் இல்லை. கடையைச் சாத்திவிட்டு நேராக அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை கட்டிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

“அத்தே, ஒண்ணு கேக்கறேன். யோசிக்காம சொல்லணும். நாம ரெண்டு பேரும் போறது தெளிவா இருக்கா, நான் மட்டும் போறது தெளிவா இருக்கா?”

அத்தை வாசலை ஒரு பார்வை பார்த்தாள். “நீ மட்டும் போறதுதான்டி. ஊஞ்சல்ல உக்காந்தாலே எனக்குத் தலை சுத்தும். நீ தனியாப் போக பயப்படறே, வெளிய சொல்ல மாட்டேங்கறேன்னு உன் தங்கச்சி சொன்னா. சரி, நம்ம பொண்ணாச்சே, செத்தாலும் பரவாயில்லைன்னு ஒத்துக்கிட்டேன்.”

அக்கா அத்தையைக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனார்கள்.

“காசு குடுத்த கட்டில் சும்மா போகுதே அக்கா!” என்று ஆரம்பித்தார் தங்கையின் கணவர்.

“மாப்பிள்ளை, அவ்வளவு வருத்தமா இருந்தா நீங்க போய்ப் படுத்துக்குங்க” என்றாள் அத்தை.

தங்கைக்குத்தான் கண் கலங்கிவிட்டது. “எங்களையெல்லாம் விட்டுட்டுத் தனியாப் போகணும்னு தோணற அளவுக்கு நாங்க என்னக்கா பண்ணிட்டோம்?”

“ஒண்ணும் பண்ணல. உன் போனை எடு. கடல்ல நான் நிக்கற மாதிரி ஒரு போட்டோ காட்டு.”

தங்கை தேடினாள். மாப்பிள்ளை குதிக்கிற படம், குழந்தைகள் மணல் வீடு கட்டுகிற படம், தங்கையே அலைக்குப் பயந்து கத்துகிற படம் என்று வந்துகொண்டே இருந்தன. எல்லாம் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை. எடுத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு படத்தில் மட்டும், கீழ் ஓரத்தில், மணல் மேல் அக்காவின் நிழல் விழுந்திருந்தது.

தங்கை அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“உங்க மேல எனக்குக் கோவம் இல்லடி,” என்றாள் அக்கா. “ஒரு தடவை என் காலையும் நனைச்சுட்டு வரேன்.”

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டாள். “மேடம், அந்தக் கட்டில் காலியாவே இருக்கட்டும்” என்று அவள் வாயாலேயே சொன்னாள். அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை.

கப்பல் கிளம்பியது. நடுவில் ஒருநாள் மத்தியானம், தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. அக்கா அதில் இல்லை. தண்ணீருக்குள் நின்றுகொண்டு கரையைப் பார்த்து எடுத்திருந்தாள். முன்னால் முழுக்க அலை. தூரத்தில் மணல். மணல் மேல் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு, பக்கத்தில் யாருமே இல்லாமல்.

தங்கைக்குப் பகீர் என்றது. “அய்யோ அக்கா, செருப்பை யாராவது எடுத்துட்டுப் போயிடப் போறாங்க!” என்று அவசர அவசரமாக அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது.

“போனா போகட்டும்டி.”