கைலிக் கயிறு

"மேல வர்றீங்களா, இல்ல அங்கேயே நின்னு வேர் விடப்போறீங்களா?" என்று இரண்டாவது மாடியிலிருந்து டோ ஞோ மார் கத்தினாள்.

"அந்தக் கருமத்தை முதல்ல கழட்டச் சொல்லு, வர்றேன்!" என்று சந்து முனையிலிருந்து அவள் புருஷன் ஊ துன் ஷெய்ன் கத்தினார். ஒரு கையில் புளிச்சக்கீரைக் கட்டு, இன்னொரு கையில் குடை.

"கருமமா? அதுல பச்சைப் பூப்போட்டது என்னோடது. கல்யாணத்துக்கு உங்கம்மா எடுத்துக் குடுத்தது!"

"அதையாடி கொண்டுபோய் நடுத்தெருவுல தொங்க விட்டிருக்க?"

எங்கள் சந்தில் எல்லா மாடிகளிலும் ஆள் நின்றது. பட்டாளம் ஆட்சியைப் பிடித்த அந்த மாசியில் ரங்கூனில் டிவியில் பட்டாளத்துக்காரன் முகம் தவிர வேறு எதுவும் வரவில்லை. போனில் இன்டர்நெட்டும் போய்விட்டது. துன் ஷெய்ன் குடும்பத்துச் சண்டை ஒன்றுதான் தடையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அதையும் பார்க்காமல் விட்டால் எப்படி?

விஷயம் இதுதான். சந்து முனையில் விளக்குக் கம்பத்துக்கும் கோ பே மவுங்கின் டீக்கடைப் பலகணிக்கும் நடுவே ஒரு கயிறு. அதில் வரிசையாகப் பெண்கள் கைலி. பெண் இடுப்பில் கட்டியதன் கீழே ஆண் தலை போனால் அவனுடைய மகிமை அத்தோடு போச்சு. இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்கும் தெரியும் என்பதால்தான் கயிறு கட்டியதே.

"முப்பது வருஷமா உங்களோட குடித்தனம் பண்றேன். அந்த மகிமையை ஒருநாள் கண்ணுல காட்டியிருந்தா நானே போய்க் கயிறை அவுத்திருப்பேன்!" என்றாள் டோ ஞோ மார்.

கயிறு கட்டிய தஸின், மூன்றாவது மாடிப் பெண், கம்பியில் சாய்ந்துகொண்டு தன் பங்குக்கு ஒன்று போட்டாள். "பெரியப்பா, கண்ணை மூடிக்கிட்டு வந்துடுங்க. மகிமைக்குத் தெரியவா போகுது?"

அவர் வரவில்லை. கட்டடங்களின் பின்புறத்துக்கு நடுவே ஒரு இடுக்கு உண்டு. எல்லா அடுப்படிகளின் கழிவும் விழுகிற இடம். அதன் வழியாக எலியையும் சாக்கடையையும் தாண்டி, பின்படி ஏறி வீட்டுக்குள் வந்தார். துவைத்த துணிக்குக் கீழே நடக்காத மனுஷன், தலையில் மீன் செதிலோடு வந்து நின்றார். டோ ஞோ மார் மூக்கைப் பொத்திக்கொண்டு கீரையை வாங்கினாள். அன்றிலிருந்து அதுதான் அவர் வழி.

சும்மா சொல்லக்கூடாது, கயிறு வேலை செய்தது. பையன்களைப் பிடிக்க முதல் தடவை பட்டாளத்து லாரி வந்தபோது சந்து முனையில் அப்படியே நின்றுவிட்டது. இறங்கினவன்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அதிகாரி திட்டினான். ஒருத்தனை லாரி மூக்கில் ஏற்றி மூங்கில் கழியால் கயிற்றை இழுத்து அறுக்கச் சொன்னார்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்தியதில் ஒரு கைலி அவன் தோளிலேயே விழுந்தது. மாடியெல்லாம் சிரிப்பு, பாத்திரம் தட்டும் சத்தம். அந்தக் கூத்து முடிவதற்குள் ஊர்வலம் போகிற பையன்கள் எல்லாரும் பின் இடுக்கில் இறங்கி, சுவர் ஏறி, அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் தஸின் புதுக் கயிறு கட்டினாள்.

சுவர் ஏறினவர்களில் துன் ஷெய்னின் ஒரே மகன் யான் பைங்கும் உண்டு. இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். தண்ணீர் டிரம்மை வெட்டிக் கேடயம் செய்து, ஊர்வலத்தில் முன்வரிசையில் நிற்கிறவன். துன் ஷெய்னுக்கு ஜனநாயகத்தோடு பகை ஒன்றும் கிடையாது. ஓட்டுப் போட்டார், விரல் மையை ஒரு வாரம் எல்லாருக்கும் காட்டினார். ஆனால் எண்பத்தெட்டில் மாணவர் கிளர்ச்சி நடந்தபோது அவரும் இளவட்டம். பக்கத்தில் நின்று கோஷம் போட்டவன் பாதிக் கோஷத்தில் விழுந்ததைப் பார்த்துவிட்டு ஓடி வந்தவர். "சுடுவாங்க. எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்" என்பார். ஒருநாள் மகனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். அவன் அடுப்படி ஜன்னல் வழியாகக் குழாயைப் பிடித்து இறங்கிப் போனான். அதோடு அப்பனும் மகனும் பேச்சு நின்றது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று ஞோ மாரிடம்தான் இரண்டு பேரும் சொல்வார்கள்.

தபவுங் மாசத்துப் பௌர்ணமியும் பட்டாளத்தின் படை தினமும் அந்த வருஷம் ஒரே நாளில் வந்தன. காலையிலிருந்தே ஊரில் நாலாபக்கமும் துப்பாக்கி வெடிச்சத்தம். ஞோ மார் வேண்டாம் என்றாள். இவர் கேட்கவில்லை. மடத்துக்குப் போய் எட்டு சீல விரதம் எடுத்தார். பெரிய பிக்குவிடம் மகனுக்கென்று பிரித் என்கிற காவல் மந்திரம் ஓதி முடிச்சுப் போட்ட நூல் ஒன்று வாங்கினார். அதை வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து, மேலே நாவல் கொழுந்து போட்டு, கைக்குட்டையால் மூடி, குடை பிடித்து நடந்தே வந்தார். வழியில் எந்தெந்தத் தெருவில் ஒதுங்கினார், எங்கே குப்புறப் படுத்தார் என்பதெல்லாம் பிறகு அவரே சொன்னது. கிண்ணம் மட்டும் கவிழவில்லையாம்.

சந்து முனைக்கு வந்ததும்தான் சிக்கல். கயிற்றின் கீழே போனால் நூலின் சக்தி போய்விடும். அப்புறம் அது சணலுக்குச் சமம். பின் இடுக்கு வழியே போகலாமென்றால், ஓதின நூலைச் சாக்கடை மேலே எப்படிக் கொண்டுபோவது? தனக்கென்றால் எலிக்கு நடுவே நடப்பார். இது மகனுக்கு. டீக்கடை அடைத்திருந்தது. மாடிகளில் ஒரு தலை கிடையாது. எல்லாரும் குண்டுக்குப் பயந்து உள்ளறையில் இருந்தார்கள். எங்கள் சந்து எட்டிப் பார்க்காத ஒரே நாள் அது.

கிண்ணத்தைக் கம்பத்தடியில் வைத்தார். கம்பத்துப் பக்கத்து முடிச்சை அவிழ்த்தார். கைலிகள் சரிந்து விழுந்தன. கையால் தொடாமல் குடைப்பிடியால் ஓரமாகத் தள்ளினார். மேலே போனதும் தஸினைக் கூப்பிட்டுத் திரும்பக் கட்டச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். நிமிர்ந்த தலையோடு, ரொம்ப நாளைக்குப் பிறகு, முன்வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்.

யான் பைங் தரையில் உட்கார்ந்து கேடயத்துக்குப் பிடி முடுக்கிக்கொண்டிருந்தான்.

"கையை நீட்டு" என்றார்.

அப்பா நேராகப் பேசியதில் பையன் திகைத்துப் போனான். "என்னது?"

"பிரித் நூல். பெரிய பிக்கு ஓதிக் குடுத்தார்."

"இது குண்டை நிறுத்துமாப்பா?"

"உன் டிரம்மு நிறுத்துமா?"

பையன் சிரித்துவிட்டான். "இல்ல. கல்லைத்தான் நிறுத்தும்."

"அப்ப மீதியை இது பார்த்துக்கும். நீட்டுடா."

நீட்டினான். அவர் கட்டினார். முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினார்.

"இறுக்காதீங்க."

"இறுக்கமா இருந்தாத்தான் நிக்கும்."

"அப்பா, இப்ப நாங்க விட்டுட்டோம்னா, உங்க வயசுல நானும் இதே ஆளுங்களுக்குப் பயந்து என் புள்ளையை உள்ள வச்சுப் பூட்டணும்."

"பூட்டறதுக்குப் புள்ளை உயிரோட இருக்கணும்ல."

 பையன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ஞோ மார், அந்தக் காட்சி கலைந்துவிடக் கூடாதென்று சத்தமில்லாமல் திரும்பப் போனாள். துன் ஷெய்ன் அந்தக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். தஸினைக் கூப்பிட வேண்டும் என்பது அவர் நினைவிலேயே இல்லை.

லாரி நிற்கவேயில்லை. நேராக வாசலுக்கு வந்துவிட்டது. பாத்திரம் தட்டக்கூட யாருக்கும் நேரமில்லை. படியில் பூட்ஸ் சத்தம் கேட்ட பிறகுதான் வந்தது தெரிந்தது. யான் பைங் அடுப்படிக்குப் பாய்ந்தான். ஒரு கால் ஜன்னலுக்கு வெளியே, ஒரு கால் உள்ளே. முடியைப் பிடித்து இழுத்தார்கள். ஞோ மார் கரண்டியோடு நடுவில் விழுந்தாள். ஒருத்தன் அவளைச் சுவரோடு தள்ளினான். துன் ஷெய்ன் கைகூப்பி, "ஐயா, ஐயா" என்றார். துப்பாக்கிக் கட்டையால் நெஞ்சில் ஒன்று. எழுந்து ஜன்னலுக்கு வந்தபோது லாரி சந்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் கிடந்த கைலிகளின் மேல் சக்கரம் ஏறி இறங்கியது.

அப்புறம்தான் சந்து வெளியே வந்தது. தஸின் அழுக்குக் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். "அறுபடல. அவுத்திருக்காங்க. யாரு அவுத்தது?"

எல்லார் கண்ணும் டீக்கடைக்குப் போனது. கோ பே மவுங்கின் மச்சான் பட்டாளத்துக்குத் தகவல் சொல்கிற வார்டு ஆபீசில் வேலை பார்க்கிறவன். அது போதாதா?

"நான்தாம்மா அவுத்தேன்" என்றார் துன் ஷெய்ன்.

"பெரியப்பா, நீங்க உள்ள போங்க."

"நான்தான். கிண்ணத்துல நூல் இருந்துச்சு. குடையாலதான் தள்ளினேன், கையால தொடல."

கூட்டத்தில் ஒரு அம்மாள் வாயில் துணி வைத்துக்கொண்டு அழுதாள். "பாவம், புத்தி கலங்கிப்போச்சு." யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் குடையைத் தூக்கிக் காட்டினார். அழுகை இன்னும் கூடியது. சாயங்காலத்துக்குள் பே மவுங் கடைப் பலகை உடைந்தது. மறுநாளிலிருந்து அவன் கடையில் ஈ குடித்தது டீயை. துரோகி ஒருத்தன் வேண்டியிருந்தது எங்கள் சந்துக்கு. துன் ஷெய்ன் அதற்குச் சரிப்படவில்லை.

அவர் விடவில்லை. தினம் அந்தக் கடையில் போய் உட்கார்ந்து டீ குடித்தார், நாலு பேர் பார்க்கட்டுமென்று. நாலாவது நாளோ என்னவோ, பே மவுங்கே கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயா, நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா நீங்க வந்து உக்கார உக்கார, 'மகனை வித்தவன் கடையிலயே அந்த மனுசன் மூளை குழம்பி உக்காந்திருக்கார் பாரு'ன்னு கூடுதலாத் திட்டுறாங்க. புண்ணியமாப் போகும், வராதீங்க."

இன்னொருத்தியும் நம்பினாள். ஞோ மார். மகனைக் கொண்டுபோன அன்று ராத்திரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்தப் பக்கத்து முடிச்சு?"

"கம்பத்துப் பக்கம்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் சந்து காது கொடுத்துக் கேட்டும் அந்த வீட்டிலிருந்து சண்டைச் சத்தம் வரவேயில்லை.

ஊருக்கு வடக்கே இருக்கிற பெரிய சிறை வாசலுக்கு இரண்டு பேரும் சேர்ந்தேதான் போனார்கள், பேசாமல். பொட்டலத்தில் மாற்றுத்துணி, சோப்பு, இறாலும் பூண்டும் மிளகாயும் போட்டு வறுத்த பலாச்சாங். அங்கே ஒரு கணக்கு. கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பொட்டலத்தைப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டால் பிள்ளை உள்ளே இருக்கிறான். திருப்பிக் கொடுத்தால் இல்லை. இல்லை என்றால் எங்கே என்று கேட்கக் கூடாது.

திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த தடவையும் திருப்பிக் கொடுத்தார்கள். தண்ணீர்த் திருவிழா வந்தது, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, போனது. மழைக்கு முன்னால் ஒருநாள், ஜன்னலுக்குள்ளிருந்த கை பொட்டலத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டது. "அடுத்து!" என்றது குரல்.

ஞோ மார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வாங்கிக்கிட்டாங்க. ஏங்க, வாங்கிக்கிட்டாங்க" என்று அவரைப் பார்த்து, அத்தனை நாளுக்குப் பிறகு, வாய் திறந்து சொன்னாள். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் ஒருத்தி, தன் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டு வந்து அவர்கள் பக்கத்தில் குந்தினாள். வெற்றிலை மடித்து நீட்டினாள்.

"புதுசா வாங்கிக்கிட்டாங்களா?"

"ஆமாக்கா. இன்னிக்குத்தான். உங்களுக்கு?"

"எனக்கு ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கிறாங்க." தனக்கும் ஒன்று மடித்தாள். "என் பொண்ணை நான்தான் எரிச்சேன். ஆஸ்பத்திரியில கூப்பிட்டுக் குடுத்தாங்க. என்னதான் செய்றாங்கன்னு பார்ப்போம்னு அவ பேர்ல ஒரு பொட்டலம் கொண்டாந்தேன். வாங்கிக்கிட்டாங்க."

ஞோ மார் கையில் வெற்றிலை அப்படியே நின்றது.

"அப்புறமும் ஏன்க்கா வர்றீங்க?" என்றார் துன் ஷெய்ன்.

"வாங்கிக்கிறாங்களே" என்றாள் அந்த அம்மாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஞோ மார் தனி இருக்கையில் உட்கார்ந்தாள்.

அந்த மழைக்காலத்தில் சந்து பாதி காலியாகிவிட்டது. பே மவுங் கடையை விற்றுவிட்டுப் பெகு போனான், அங்கே வியாபாரம் பரவாயில்லை என்று கேள்வி. அவன் போன பிறகும் ஒரு விடியற்காலையில் லாரி வந்தது, தஸின் தம்பியைத் தேடிக்கொண்டு. அதற்கப்புறம்தான் சிலர் துன் ஷெய்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். தஸின் தாய்லாந்து எல்லைக்குப் போய், முகாமில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற ஒரு கரென் இனத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். யான் பைங்குக்காகத்தான் அவள் காத்திருந்தாள் என்று சந்தே நினைத்திருந்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள் போல. கல்யாணப் போட்டோவில் சிரிக்கவில்லை.

துன் ஷெய்ன் பின்னறையை ஒரு புது ஜோடிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு முன்னறையில் இருக்கிறார். பையன் வந்தால் வீட்டில் ஆள் வேண்டுமாம். பொட்டல நாளில் தவறாமல் போகிறார். தவறாமல் வாங்கிக்கொள்கிறார்கள். டோ ஞோ மார் ஹின்தாடாவில் தங்கை வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவில்லை. கடிதம் கிடையாது, போன் கிடையாது. பலாச்சாங்கை மட்டும் அவளே வறுத்து, மாதம் தவறாமல் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறாள்.